சூளையில் வார்த்த சட்டைகள்

கண்ணாடிக் கலை என்றவுடன் நீண்ட இரும்புக் குழாயை வாயில் வைத்து ஊதும் தொழிலாளியே நம் நினைவுக்கு வருவான். ஆனால் 1957இல் போனஸ் அயர்ஸ் நகரில் பிறந்து, அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி நடந்த காலத்தில், 1981இல், இத்தாலிக்குக் குடிபெயர்ந்த சில்வியா லெவன்சன் என்னும் பெண்மணி தம் சிருஷ்டிகளுக்குக் கைக்கொண்டது ஊதும் முறையன்று, வார்ப்பு முறை. அவர் வார்ப்பனவும் தேவதைகளோ வீரர்களோ அல்ல. குழந்தையின் சட்டை, காலணி, கத்தி என்று எந்த வீட்டிலும் கிடக்கும் சாமான்கள்.

சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் முறைக்கு இது நெருங்கிய உறவுடையது. பொருளின் உருவத்தை மெழுகில் எடுத்து, பாரிஸ் சாந்தும் சிலிக்காப் பொடியும் கலந்த குழம்பால் அதை மூடி, இறுகியபின் நீராவியால் மெழுகை உருக்கி வெளியேற்றினால், உள்ளே அவ்வுருவின் வெற்றிடம் மட்டும் எஞ்சும். அதில் கண்ணாடித் துண்டுகளை இட்டு, அச்சோடு சேர்த்துச் சூளையில் வைத்து 800 டிகிரி செல்ஷியஸ் அளவுக்குச் சூடேற்ற, கண்ணாடி குழைந்து இறங்கித் துணியின் மடிப்பிலும் தையலிலும் புகுந்து நிறைகிறது.

சூடேற்றுவது சுலபம், ஆற்றுவதிலேதான் சாமர்த்தியமெல்லாம். கண்ணாடி உஷ்ணத்தை எளிதில் கடத்தாத பதார்த்தமாகையால், மேற்புறம் இறுகிய பின்னும் உட்புறம் சூடாகவே இருந்து, பிறகு தானும் சுருங்க முற்படுகையில், உள்ளுக்குள் தங்கிவிடும் இழுவிசை அன்றே உடைக்காவிட்டாலும் நெடுநாள் கழித்தாவது பொருளைப் பிளந்துவிடக்கூடும். ஆகவே சுமார் 500 டிகிரியில் பல மணி நேரம் நிறுத்தி, அப்பால் மெல்ல மெல்ல இறக்குகிறார்கள். கனம் இரட்டித்தால் ஆறும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், பெரிய வார்ப்புக்கு நாட்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்துக்காக 2004இல் லெவன்சன் நிறைவேற்றிய படைப்பில், சிறு வீடொன்றின் மேல் கண்ணாடிக் கத்திகள் மழையாய்த் தொங்குகின்றன. அதன் அச்சம் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடுகிறது. எனக்கு அதைக் காட்டிலும் வலியதாகத் தோன்றுவது, பயமுறுத்தும் லட்சணம் எதுவுமில்லாத குழந்தைச் சட்டைகளின் வரிசையே. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவில் நடந்த அந்த ராணுவ ஆட்சியில், சிறைப்பட்ட தாய்மாரிடமிருந்து பறிக்கப்பட்டுப் பொய்ப் பெயர்களில் வளர்க்கப்பட்ட சிசுக்கள் சுமார் 500 பேர் என்று பிளாசா தே மாயோ பாட்டிமார் சங்கம் மதிப்பிடுகிறது. அச்சிசுக்களை முன்னிட்டு வார்க்கப்பட்ட சட்டைகள் இவை. உணவையும் பானத்தையும் கெடாமல் காப்பதற்குக் கண்ணாடியை நாம் நம்புவதுபோல், நினைவைக் காப்பதற்குத் தாம் அதை நம்புவதாக லெவன்சன் கூறுவதுண்டு. தொலைந்த பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமாரோ மரபணுச் சோதனையை நம்பினார்கள். அதன் துணையோடு 130க்கும் மேற்பட்டோரின் உண்மைப் பிறப்பு இதுவரை தெரியவந்திருக்கிறது.