தடுப்பூசி: சந்தேகம் யார்மீது?

"ஊசிக்குப் பயமில்ல தம்பி, போடச் சொல்றவங்க மேலதான் நம்பிக்கை இல்ல." 2021இல் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் என்னிடம் சொன்னது இது. அறிவியல்/மூடநம்பிக்கை என்கிற இருமை எதிர்வுக்குள் இந்தக் குரல் அடங்காது என்றே நினைக்கிறேன்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு அம்மை குத்துவதை 1853ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. மறுத்தால் அபராதம், கட்ட முடியாதவர்களின் சாமான்கள் ஜப்தியாயின. அம்மை குத்தும் நிர்வாகம் யார் கையில் இருந்தது? ஏழைகளை வேலை விடுதிகளுக்கு அனுப்பிய அதே ஏழையர் சட்ட அதிகாரிகளிடம். அந்த முகத்தோடுதான் மருந்து வாசலுக்கு வந்தது. போதாததற்கு, ஒரு குழந்தையின் கொப்புளத்து நீரை இன்னொரு குழந்தைக்குக் குத்தியதில் வேறு நோய்கள் தொற்றியதும் உண்டு. 1885இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் உரிமையை 1898இல் சட்டமே ஏற்றுக்கொண்டது.

இதற்காக எதிர்ப்பைப் புனிதப்படுத்திவிடவும் முடியாது. பெரியம்மை ஒழிந்ததென்று 1980இல் அறிவிக்க முடிந்ததற்குத் தடுப்பூசியே முதற்காரணம். அரசைச் சந்தேகிப்பது வேறு, மருந்தைச் சந்தேகிப்பது வேறு. கட்டாயம் வரும்போது இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

2022 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சைத்தான் தொட்டது. கொரோனா தடுப்பூசிக் கொள்கையை அது தவறென்று சொல்லவில்லை. ஆனால் யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. பக்கவிளைவுத் தகவல்களை மக்கள் முன் வைக்கவும் சொன்னது. பெரியம்மாவுக்கு யாராவது முதலிலேயே உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கலாம்.