சார்ஜர் சுவரிலேயே கிடக்கலாமா?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் சிற்றூர். வீட்டில் தமிழ் பேசுவோம். கடைத்தெருவில் மலையாளம் பேசுவோம். எங்கள் தொடர்கல்வி மையத்தில் வாரம் இரண்டு நாள் மாலையில் வகுப்பு நடக்கிறது.

ஒரு நாள் மின்சார பில்லை வைத்துப் படித்துக்கொண்டிருந்தோம். எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய் என்று ஒவ்வொருவராக வாசித்தார்கள். அப்போது ஒரு பாட்டி கேட்டார்:

"டீச்சரே, போனை எடுத்தாச்சு. சார்ஜரு சுவருலேயே கெடக்கு. சுவிட்சும் போட்டபடிதான். மீட்டரு ஓடுமா, ஓடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் சரியாகத் தெரியவில்லை. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது பாட்டி" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. அந்தப் பாட்டியின் வீட்டில் பத்து மாதப் பேரன் இருக்கிறான். தவழ்ந்து திரிகிறான். கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைக்கிறான். தெரியாமல் ஒரு பதிலைச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது. எங்கள் ஊரில் வயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். புத்தகங்களையும் தேடிப் படித்தேன். அடுத்த வகுப்பில் நாங்கள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மீட்டர் ஓடுமா?

ஓடும். ஆனால் மிக மிக மெதுவாக.

1000 வாட் மின்சாரத்தை ஒரு மணி நேரம் செலவழித்தால் 1 யூனிட். வீட்டு மின்விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். அது 13 மணி நேரம் சுற்றினால் 1 யூனிட் ஆகிவிடும்.

போன் இல்லாமல் சும்மா கிடக்கும் இன்றைய நல்ல சார்ஜர் 0.1 வாட் அளவுதான் எடுக்கும். அந்தக் கணக்கில் 1 யூனிட் ஆக 10,000 மணி நேரம் வேண்டும். அதாவது ஒரு வருடத்துக்கும் மேல். கொஞ்சம் மட்டமான சார்ஜர் 0.3 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 1 யூனிட் ஆக நாலரை மாதம் ஆகும். பழைய காலத்தில் செங்கல் துண்டு போலக் கனமாக ஒரு சார்ஜர் வந்ததே, அது மட்டும் இதைவிடப் பல மடங்கு எடுக்கும்.

ஆகவே பாட்டியின் பணக் கவலைக்கு நான் சொன்ன பதில் சரிதான். ஆனால் கவலைப்பட வேண்டிய விஷயம் பணம் அல்ல. அது வேறு.

கார்வாரில் நடந்தது

2023 ஆகஸ்ட் மாதம். கர்நாடக மாநிலத்தில் கார்வார் என்ற ஊர். அதன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீடு. அங்கே போனை சார்ஜரிலிருந்து கழற்றி எடுத்தார்கள். சார்ஜர் சுவரிலேயே இருந்தது. சுவிட்சை அணைக்கவில்லை. வயர் கீழே தொங்கியது. எட்டு மாதப் பெண் குழந்தை அந்த வயரின் முனையை எடுத்து வாயில் வைத்தது. மின்சாரம் தாக்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

வகுப்பில் இதை நான் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

ஒரு அக்கா கேட்டார்: "போனு வயரிலே கொஞ்சம் கரண்டுதானே வரும்? நாமளே எத்தனை தடவை தொட்டிருக்கோம்?"

நல்ல கேள்வி. நாம் தொட்டபோது ஒன்றும் ஆகவில்லை. பிறகு குழந்தைக்கு எப்படி ஆயிற்று?

230-ம் 5-ம்

நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட். வோல்ட் என்பது மின்சாரத்தின் அழுத்தம். நெய்யாறு அணையை நினைத்துப் பாருங்கள். அணைக்குள் உயரமாக நிற்கும் தண்ணீருக்குப் பெரிய அழுத்தம் உண்டு. அதே தண்ணீர் வாய்க்காலில் வரும்போது சிறு பிள்ளைகூட இறங்கிக் கால் கழுவலாம். சுவரில் உள்ள 230 வோல்ட் அணைத் தண்ணீர் போல. போனுக்குப் போகும் 5 வோல்ட் வாய்க்கால் தண்ணீர் போல. வேகமாக ஏற்றும் புதிய சார்ஜர்களில் 9, 12 வோல்ட் என்று கொஞ்சம் கூடும். உலர்ந்த கையில் அதுவும் தெரியாது.

ஆனால் ஒரு வேற்றுமை இருக்கிறது. வாய்க்காலில் வருவது அணையின் தண்ணீரேதான். சார்ஜரில் அப்படி இல்லை. சுவர் மின்சாரம் போன் பக்கம் வரவே கூடாது. உள்ளே இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றை ஒன்று தொடாது. நடுவில் மின்சாரம் கடக்காத டேப் சுற்றியிருக்கும். முதல் சுருள் காந்த சக்தியை உண்டாக்கும். அந்தக் காந்த சக்தி இரண்டாவது சுருளில் புதிதாகச் சிறு மின்சாரத்தை உண்டாக்கும். அதுதான் போனுக்குப் போகிறது.

நடுவில் இருக்கும் அந்தத் தடுப்புதான் நம் உயிருக்குக் காவல். அது கெட்டால் 230 வோல்ட்டும் அப்படியே வயரின் முனைக்கு வந்துவிடலாம். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

குழந்தையின் வாய் ஈரமானது. நம் கைத்தோல் உலர்ந்தது, காய்ப்பு ஏறியது. உலர்ந்த தோல் மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும். ஈரம் தடுக்காது. ஆகவே நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்துக் குழந்தைக்கும் ஆகாது என்று நினைக்கக் கூடாது.

இரண்டு சார்ஜர்களைத் திறந்து பார்த்தோம்

அந்த அண்ணன் வகுப்புக்கே வந்தார். பழுதாகி ஒதுக்கிய இரண்டு சார்ஜர்களைக் கொண்டு வந்து மேசையில் வைத்துப் பிளந்து காட்டினார். ஒன்று போனோடு வந்தது. மற்றொன்று நான் சந்தையில் தரையில் விரித்து விற்ற இடத்தில் மலிவாக வாங்கியது. மூன்று மாதத்தில் கெட்டுப்போனது.

முதலாவதில் உள்ளே நெருக்கமாகப் பல பாகங்கள் இருந்தன. சுருளைச் சுற்றி மஞ்சள் டேப் பல சுற்று இருந்தது. சுவர்ப் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவில் பலகையில் நல்ல இடைவெளி விட்டிருந்தார்கள். இரண்டாவதில் பாதி இடம் காலி. டேப் பெயருக்கு ஒரு சுற்று. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான். அந்த இடத்தில் ஒரு எறும்பு செத்துக் கிடந்தது.

"இந்த எறும்பு போதும் டீச்சரே. மழைக்காலத்து ஈரம் போதும்" என்றார் அண்ணன். நம் ஊரில் இடவப்பாதி மழையில் சுவரே வேர்க்கிறது. எறும்புக்கும் பல்லிக்கும் பஞ்சம் இல்லை. அந்தச் சார்ஜரில்தான் நான் மூன்று மாதம் போனை ஏற்றினேன் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

நீங்கள் யாரும் சார்ஜரைத் திறக்க வேண்டாம். சுவரிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே சில பாகங்களில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். திறக்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். எழுத்து இங்கிலீஷ்தான். ஆனால் எண்கள் எல்லோருக்கும் பொது. ஐ.எஸ். 13252 என்று இருக்கிறதா? அதன் பக்கத்தில் ஆர் என்ற எழுத்தும் ஒரு கோடும் எட்டு எண்களும் இருக்கின்றனவா? இந்திய தர நிறுவனத்தில் பதிவு செய்த அடையாளம் அது. இப்படிப் பதிவு செய்வது கட்டாயம் என்று மத்திய அரசு 2012-ல் மின்னணுப் பொருள்களுக்கு ஆணை போட்டது. கள்ளச் சரக்கிலும் சிலர் இந்த எண்ணை அடித்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தாலும் கொஞ்சம் தெரியும். காலி டப்பா போலக் கனமே இல்லாத சார்ஜரை நம்பாதீர்கள். போன் மாட்டாமலே சுடுகிற சார்ஜர், கருகிய வாடை வருகிற சார்ஜர், "ஈ" என்று ஓசை போடுகிற சார்ஜர், ஓடு விரிந்த சார்ஜர் இவற்றை வீட்டில் வைக்கவே கூடாது. வயரின் கழுத்து பிய்ந்துபோனால் செலோ டேப் சுற்றி ஓட்டுகிறோமே, அதுவும் வேண்டாம்.

சுவிட்சா, பிளக்கா?

சுவிட்சை அணைத்தால் போதாதா என்று பலர் கேட்டார்கள். சரியாக வயரிங் செய்த வீட்டில் பெரும்பாலும் போதும். சுவரிலிருந்து இரண்டு கம்பி வருகிறது. ஒன்றில்தான் உயிர் மின்சாரம். அதை பேஸ் என்பார்கள். மற்றது நியூட்ரல். சுவிட்ச் பேஸ் கம்பியை வெட்ட வேண்டும். பழைய வீடுகளில், தெரியாதவர்கள் செய்த வயரிங்கில், சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இருப்பதும் உண்டு. அங்கே சுவிட்சை அணைத்தாலும் சார்ஜருக்குள் மின்சாரம் காத்துக்கொண்டேதான் இருக்கும். வயரிங் வேலை தெரிந்தவர் டெஸ்டரை வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஆகவே சிறு குழந்தை உள்ள வீட்டில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவி, எட்டாத இடத்தில் வைப்பதுதான் சரி. குழந்தை இல்லாத வீட்டில், நல்ல சார்ஜர், உலர்ந்த சுவர் என்றால், ஒரு நாள் மறந்து விட்டாலும் வீடு எரிந்துவிடாது. வீணாகப் பயப்படவும் வேண்டாம்.

இடி மழை வேறு விஷயம். ஐப்பசியில் துலாவர்ஷம் வரும்போதும், சித்திரை வைகாசியிலும் நம் பக்கம் மாலையில் இடி பலமாக இருக்கும். இந்த இடி பெரும்பாலும் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரைதான் என்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்கிறது. மின்னல் மின்கம்பியில் இறங்கினால் ஆயிரக்கணக்கான வோல்ட் வீட்டுக்குள் பாயும். அணைத்த சுவிட்சின் உள்ளே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. மின்னல் அதைத் தாண்டிவிடும். வானம் இருட்டும்போதே பிளக்கை உருவிவிடுங்கள். தலைக்கு மேல் இடி முழங்கும்போது ஓடிப் போய் உருவாதீர்கள்.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் ஏற்றுவதும் தப்பு. சூடு வெளியேற வழி இல்லாமல் பஞ்சு கருகும். காலையில் நாலு மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் படுக்கையிலேயே போனை வைத்துத் தூங்குகிறார்கள். ஒரு ஸ்டூலில் வைக்கலாமே.

பியூஸ் இருக்கிறதே!

பியூஸ் வீட்டுக் கம்பியைக் காக்கும். ஆளைக் காக்காது. அது எரிய பல ஆம்பியர் மின்சாரம் வேண்டும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஆளைக் காக்கும் கருவிக்கு இ.எல்.சி.பி. என்று பெயர். இப்போது இதையே ஆர்.சி.சி.பி. என்றும் சொல்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும். மீட்டர் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள். "டக்" என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். இது எல்லா வகை ஷாக்கிலிருந்தும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானவற்றில் காப்பாற்றும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இது இல்லை.

யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால் உலர்ந்த மரக்கம்பால் வயரைத் தள்ளுங்கள். பிறகு 108 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும் வரை நடு மார்பில் விடாமல் அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காட்ட வேண்டும். இதயத்துடிப்பு பிறகும் தவறலாம். மின்வாரியத்துக்கு 1912.

அடுத்த வாரம் பாட்டி தன் சார்ஜரை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டு அடியில் இருந்ததை வாசித்தார். "இருநூற்று நாப்பது... அஞ்சு..." என்று படித்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு எண்கள் எங்கேயும் இல்லை.

"பேரனுக்கு மருந்து வாங்க சனிக்கிழமை பாறசாலைக்குப் போவேன். அப்பம் புதுசு ஒண்ணு வாங்கணும் டீச்சரே. அந்த நம்பரு எப்படி இருக்கும்னு ஒரு தாளிலே எழுதித் தா" என்றார்.

நான் எழுதவில்லை. பாட்டியையே எழுதச் சொன்னேன்.