ஓடிக் களைத்த நாய்க்கு ஒரு கிண்ணம் நீர்

சித்திரை பிறந்துவிட்டால், காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடிக் கடற்கரையில் நண்பகல் மணல் வெறுங்காலைச் சுட்டுப் பொசுக்கும். வேட்டையைப் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. சிவபெருமான் வேடராய் வந்தார் என்று அவ்வூர்க் கோயிலின் தலவரலாறு கூறும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை ஓய்ந்தது. வேடனுடன் ஓடிய நாயின் உழைப்போ ஓயவில்லை. அது கிடை காக்கிறது, தோப்புக் காக்கிறது, காவல் துறைக்கு மோப்பம் பிடிக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கி நாட்டை நிலநடுக்கம் குலைத்தபோது, நமது தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ரோமியோ, ஜூலி என்னும் நாய்கள், இடிபாடுகளுக்கடியில் உயிரோடிருந்த ஆறு வயதுச் சிறுமியைக் கண்டறிய உதவின.

இவ்வாறு உழைத்துக் களைத்த வாயில்லா உயிருக்கு நாம் செய்யவேண்டுவது யாது?

முதலில் அதன் உடலியல்பை அறிவோம். மனிதனுக்கு மேனியெங்கும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடியில் மட்டுமே சிறிது வியர்வை உண்டு. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி இளைக்கும்போது, நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. அதனாலேயே அதன் உடல் பெரிதும் குளிர்கிறது. ஆகவே இளைக்க இளைக்க உடலின் நீர் குறைகிறது. இன்னொன்றும் உண்டு. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. எனவே ஆவியாதல் மெதுவாகவே நடைபெறும். இராசபாளையம், சிப்பிப்பாறை போன்ற வறண்ட தென்னிலத்து இனங்களை இங்குக் கொணர்ந்து வளர்ப்போர் இதை மறத்தலாகாது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியசு. கடும் ஓட்டத்தில் அது 41 பாகையையும் எட்டக்கூடும். விரைவில் தணியாவிடில் மூளை, சிறுநீரகம், குடல் ஆகியவை பழுதுற்று உயிருக்கே இறுதி நேரலாம்.

ஓட்டம் முடிந்ததும் நாயை நிழலுக்கு அழைத்து வாருங்கள். குளிர்ந்த நல்ல நீரைச் சிறிது சிறிதாக, பலமுறை கொடுங்கள். உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியால் போர்த்தி வைப்பது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பழக்கப்பட்ட நாய் தானாகவே தலையை நீரில் அமிழ்த்தி எடுப்பது, கழுத்தில் பனிக்கட்டி வைப்பதைவிட விரைவாக வெப்பத்தைத் தணிக்கிறது எனக் காட்டியது. ஆனால் நாயின் தலையை நாமாக நீரில் அழுத்துதல் கூடவே கூடாது.

நாய்க்கு வியர்வை வழியே உப்பு அதிகம் இழப்பாவதில்லை. ஆதலால் மனிதருக்கான உப்புக் கரைசலை நாமே கலந்து புகட்டவேண்டுவதில்லை. நீர் குடிக்க மறுத்தால், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராத இறைச்சிச் சாற்றைச் சிறிது கலந்தால் விரும்பிக் குடிக்கும். கடற்கரையில் ஓடிய நாய் தாகத்தால் கடல்நீரைக் குடித்துவிடாமல் காப்பது மிக முக்கியம். அதனால் வாந்தியும் கழிச்சலும் உண்டாகி, உள்ள நீரும் போய்விடும்.

உணவை உடனே வைக்காதீர்கள். இளைப்பு நின்று ஒரு மணி நேரமேனும் கழிந்தபின் அளவாக இடுங்கள். பெரிய நாய்களுக்கு வயிறு நிறைய உண்பதும் கடும் ஓட்டமும் அடுத்தடுத்து நேர்ந்தால், இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

ஈறு உலர்ந்து பிசுபிசுத்தாலும், தோள்மேல் தோலை இழுத்துவிட்டால் மெதுவாகவே படிந்தாலும், உடலில் நீர் வற்றியது என்று அறிக. நடை தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ, நாக்கு கருஞ்சிவப்பானாலோ தாமதம் வேண்டாம். முதலில் குளிர்வியுங்கள், பின்னர் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

எல்லாவற்றினும் மேலாக ஒன்று. மாடு களைத்தால் படுத்துவிடும். நல்ல நாயோ தலைவன் போதும் என்று சொல்லும்வரை ஓடும். ஓடியே மாயவும் கூடும். ஆகவே நிறுத்தும் பொறுப்பு நம்முடையது. எருதும் கழுதையும்கூட இளைப்பாறட்டும் என்றுதானே ஓய்வுநாள் கட்டளை விதித்தது! வெயில் ஏறுமுன் வேலையை முடித்து, நிழலில் ஒரு கிண்ணம் நீர் வைப்பது, நமக்காக உழைக்கும் உயிருக்கு நாம் கொடுக்கவேண்டிய கூலியே அன்றோ!