ஏம்ப்பா, பாக்கெட்ல என்ன?

காலை ஏழரை மணி. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட். மதுரை பஸ் உள்ளே திரும்பறதுக்குள்ள ஜன்னல் வழியா கர்ச்சீப்பைப் போட்டு சீட் பிடிச்சாச்சு. 'அப்பாடா'னு உட்கார்றீங்க... தொடையில என்னமோ குத்துது! பாக்கெட்ல கையை விட்டா, நேத்து சாயங்காலம் தோட்டத்துல உரமூட்டைத் தையலை அறுக்க எடுத்துட்டுப் போன மடக்குக் கத்தி. வீட்ல வைக்க மறந்தே போச்சு. அதை வெளியே எடுத்துப் பார்க்கிற அந்த ஒரு செகண்டுல, பக்கத்து சீட் பெரியவர் உங்களை மேலயும் கீழயும் பார்க்கிறார்.

''ஏம்ப்பா, படிக்கத்தானே போற... இல்ல...''

அந்த 'இல்ல'வுக்கு அப்புறம் அவர் சொல்லாம விட்டதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. மடக்குக் கத்தியை எப்படி வச்சுக்கறது? பாக்கெட்லயா, பேக்லயா, சாவிக்கொத்துலயா? சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். ஆனா, அதை நீங்க எங்கே வச்சிருக்கீங்கங்கறதுதான், எதுக்கு வச்சிருக்கீங்கங்கறதை ஊருக்குச் சொல்லுது பாஸ்!

இதுவும் ஸ்டூடண்ட் ஐட்டம்தான்!

ஓலைச்சுவடி காலத்துலயே நம்ம மாணவர்கள் கையில ஒரு மடக்குக் கத்தி இருந்துச்சு, தெரியுமா? அதுக்குப் பேரு மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் எழுதற ஊசி, இன்னொரு பக்கம் ஓலையை வார்ற கத்தி. மரத்துலயோ, தந்தத்துலயோ, மாட்டுக்கொம்புலயோ செஞ்ச கைப்பிடி. அதுக்கு நடுவுல ஒரு பள்ளம். எழுதி முடிச்சதும் ரெண்டையும் மடக்கி அந்தப் பள்ளத்துக்குள்ள படுக்க வச்சுடலாம். மடக்க முடியாத வாரெழுத்தாணிக்கு பனையோலையில தனியா உறை. உ.வே.சாமிநாதையர் தன்னோட 'என் சரித்திரம்' புத்தகத்துல இதையெல்லாம் விவரமா எழுதியிருக்கார்.

சுவிட்சர்லாந்துல கார்ல் எல்ஸனர் தன்னோட ஃபேமஸான மடக்குக் கத்தியைப் பதிவு செஞ்சது 1897ல. அதுக்குள்ள உ.வே.சா. படிச்சு முடிச்சு, கும்பகோணம் காலேஜ்ல வாத்தியாரா பல வருஷம் பாடமும் நடத்தியாச்சு!

'பேனாக்கத்தி'ங்கற பேரையே எடுத்துக்குங்க. இறகுப் பேனாவோட முனையைச் சீவறதுக்கு வந்த கத்தி அது. ஆக, மடக்குக் கத்திக்கும் படிப்புக்கும் ரொம்ப நாள் சொந்தம்.

பாட்டி சொல்லித் தர்ற பாடம்

உங்க வீட்டுப் பாட்டியோட சுருக்குப்பையை ஞாபகப்படுத்திப் பாருங்க. வெத்தலை, சுண்ணாம்பு டப்பா, கொஞ்சம் சில்லறை... கூடவே ஒரு பாக்குவெட்டி. ரெண்டு கைப்பிடி, ஒரு ஆணி, உள்ளே பிளேடு. அதுவும் மடக்குற கத்திதானே? அதை இடுப்புல செருகிக்கிட்டு பாட்டி பஸ்ல போகும், கல்யாணத்துக்குப் போகும், கோயிலுக்குப் போகும். யாராவது பயந்தாங்களா? இல்லையே! ஏன்னா, அதுக்கு வேலை என்னன்னு பக்கத்துலயே இருக்கிற வெத்தலைபாக்கு சொல்லிடுது.

பனையேறிகளும் அப்படித்தான். அவ்வளவு கூரான பாளை அரிவாளை, இடுப்புல கட்டின அரிவாள்பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டுதான் மரம் ஏறுவாங்க. ஏறும்போது தன் உடம்புலயும் படக்கூடாது, கீழே நிக்கறவன் தலையிலயும் விழக்கூடாது.

ரெண்டு பேர்கிட்டயும் நாம கத்துக்க வேண்டியது ஒண்ணுதான். கத்திக்கு ஒரு உறை வேணும், கூடவே ஒரு வேலை வேணும்.

எங்கே வைக்கலாம்?

பேன்ட் பாக்கெட்: சட்டுனு எடுக்கலாம், சரி. ஆனா, சாவி, சில்லறையோட உரசி கைப்பிடி கீறிப் போகும். வேர்வை பட்டு, சாதா இரும்பு பிளேடுனா சீக்கிரம் துரு பிடிக்கும். நம்ம வெயில்ல வேர்வைக்குப் பஞ்சமா என்ன? எல்லாத்தையும் விட முக்கியம், ஸ்பிரிங் தளர்ந்த பழைய கத்தி பாக்கெட்டுக்குள்ளயே திறந்துக்கலாம். தொடையில பெரிய ரத்தக்குழாய் ஓடுது. அது வெட்டுப்பட்டா சில நிமிஷத்துலயே உயிருக்கு ஆபத்து. கூட்ட நெரிசல்ல தொங்கிட்டுப் போற பஸ்ல இந்த ரிஸ்க் தேவையா?

கிளிப்: பாக்கெட் ஓரத்துல பேனா மாதிரி மாட்டிக்கிற வகை. 1981ல அமெரிக்காவோட ஸ்பைடர்கோ கம்பெனி கொண்டு வந்து பரவின ஸ்டைல். பாக்கெட்டுக்குள்ள புரளாது. தோட்டத்துலயும் ஒர்க் ஷாப்லயும் வசதிதான். ஆனா, வெளியே தெரியும். பஸ்லயும் காலேஜ்லயும் 'நான் கத்தி வச்சிருக்கேன்'னு போர்டு மாட்டின மாதிரி ஆயிடும்.

சாவிக்கொத்து: சுண்டுவிரல் சைஸ் குட்டிக் கத்தி. பார்சல் பிரிக்க, நூல் அறுக்க, பழம் நறுக்கப் போதும். சாவியோட மறந்து எங்கேயும் எடுத்துட்டுப் போயிடுவீங்கங்கறதுதான் இதுல சிக்கல்.

பேக்: நம்ம ஓட்டு இதுக்குத்தான்! ஆனா, சும்மா தூக்கிப் போடக்கூடாது. மடக்கி, ஒரு சின்ன ஜிப் பையில, அதோட வேலை செய்யற சாமான்கள் கூட வைக்கணும். ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் பையனா? டெஸ்டர், இன்சுலேஷன் டேப் பக்கத்துல. அக்ரி ஸ்டூடண்டா? ஒட்டுக்கட்டற நாடா பக்கத்துல. பையைத் திறந்து காட்டினாலே பதில் கிடைச்சுடணும்.

இடுப்பு, சாக்ஸ், சட்டைக்குள்ள: வேண்டவே வேண்டாம். ஒளிச்சு வச்சாலே கேள்விதான்.

சட்டம் என்ன சொல்லுது?

1959ம் வருஷ ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செஞ்ச சாமான்களை ஆயுதக் கணக்குல சேர்க்கலை. 2016ல வந்த ஆயுத விதிகள்ல, 9 அங்குலத்துக்கு மேல நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள பிளேடு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியல்ல வருது. இதுலயும் வீடு, விவசாயம், ஆராய்ச்சி, தொழில் இதுக்கெல்லாம் செஞ்ச கத்திகளுக்கு விலக்கு. சாதாரண மடக்குக் கத்தி இந்த அளவுக்கு ரொம்பக் கீழே.

'அப்போ ஓகேதானே?'னு துள்ளாதீங்க. பட்டனை அமுக்கினா 'சடக்'னு திறக்கிற கத்தி வேற கேஸ். டெல்லியில அந்த மாதிரி பட்டன் கத்திக்கு 1980லயே 7.62 சென்டிமீட்டர்னு அளவு வச்சு கட்டுப்பாடு போட்டாங்க. சைஸ் எதுவானாலும், கத்தியைக் காட்டி ஒருத்தரை மிரட்டினா அது தனிக் குற்றம். காயம் பட்டா, 2024 ஜூலையில அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 118வது பிரிவுல, சாதாரண காயத்துக்கே மூணு வருஷம் வரை ஜெயில். அரசு வேலை, பாஸ்போர்ட்னு கனவுல இருக்கிறவங்க கொஞ்சம் யோசிங்க.

இடத்தையும் பார்க்கணும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில ஒட்டுக்கட்டற கத்தி பாடத்துல ஒரு பகுதி. அதே மேலூர் ரோட்டுல இருக்கிற ஐகோர்ட் கிளைக்குள்ள அதைக் கொண்டு போக முடியுமா? கத்தி ஒண்ணுதான், ரோடும் ஒண்ணுதான்! விமானத்துலயும் கையில வச்சுக்கற பேக்ல கூடாது, செக்-இன் பெட்டியில போடலாம். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போறீங்களா? அங்கே 3 அங்குலத்துக்குள்ள, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான் காரணம் கேட்க மாட்டாங்க.

'சும்மா ஒரு சேஃப்டிக்கு...'

சில பேர் சொல்ற காரணம் இது. ஃப்ரெண்ட்ஸ், நேராவே பேசிடலாம். சேஃப்டிக்குனு கத்தி வச்சிருக்கிறவன், சாதாரண வாய்ச்சண்டையில அதைத்தான் முதல்ல நினைப்பான். பூட்டு இல்லாத கத்தி அழுத்தத்துல மடங்கி, பிடிச்சவன் விரலையே வெட்டும். கைகலப்புல அது யார் கைக்குப் போகும்னு யாருக்கும் தெரியாது. பயமா இருக்கா? 112 இருக்கு. பெண்களுக்கு 181 இருக்கு. கூட நாலு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க.

நம்ம ஊருக்குனு இன்னொரு காரணமும் இருக்கு. உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர். பிறந்த சமூகத்தை வச்சே மனுஷனைக் குற்றவாளின்னு முத்திரை குத்தின குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து, ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன ஊர். 1920 ஏப்ரல் 3ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 16 பேர் உயிரை விட்டாங்க. 1947லதான் சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் ஒழிஞ்சுது. சட்டம் போனாலும் சந்தேகப் பார்வை முழுசா போகலை. 'மதுரைப் பக்கமா?'னு கேட்டதும் சினிமாவுல பார்த்த அருவா ஞாபகத்துக்கு வர்ற ஆளுங்க ஹாஸ்டல்லயும் இன்டர்வியூவுலயும் இன்னும் இருக்காங்க. அந்தப் பார்வை தப்புதான். ஆனா, 'நான் சொன்னேன்ல'னு அவங்க சொல்றதுக்கு நம்ம பாக்கெட்ல இருந்து ஒரு சாட்சியை ஏன் கொடுக்கணும்?

கிளம்பறதுக்கு முன்னாடி...

* இன்னிக்கு இதுக்கு வேலை இருக்கா? இல்லைன்னா வீட்டு டிராயர்லயே தூங்கட்டும்.
* நல்லா மடங்கியிருக்கா? தலைகீழா உதறிப் பாருங்க. திறந்தா ரிப்பேருக்குக் கொடுங்க.
* வேலை முடிஞ்சதும் துடைச்சு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்க.
* அடுத்தவங்ககிட்ட கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்க.
* காலேஜ், எக்ஸாம் ஹால், கோர்ட், ஏர்போர்ட் போற நாள்ல பேக்கை ஒரு தடவை காலி பண்ணிப் பாருங்க.

இப்போ மறுபடி அந்த மதுரை பஸ். பெரியவர் இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கார். கத்தியை மடக்கி பேக்குக்குள்ள வச்சுட்டு, ''தோட்டத்துல உரமூட்டை அறுக்க எடுத்தது தாத்தா, மறந்து போயிட்டேன்''னு சொல்லுங்க. ''அப்படியா! என்ன போட்டிருக்கீக, பருத்தியா?''னு அவர் ஆரம்பிச்சார்னா, செக்கானூரணி தாண்டற வரைக்கும் பேச்சு ஓடும்.

நாளைக்கு மட்டும் மறக்காம டிராயர்ல வச்சுட்டு வாங்க!