நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு!

ஆஸ்பத்திரி வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பைக்கிலிருந்து விழுந்தவர் தானே எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, டீகூடக் குடித்திருப்பார். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி, அப்புறம் மயக்கம். காதுக்குச் சற்று மேலே மண்டையோடு மெல்லிசு. அது விரிசல் விட்டு, உள்பக்கம் ஒட்டி ஓடும் தமனி கிழிந்தால் இப்படி ஆவதுண்டு. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. உள்ளே சேரச் சேர, விலக இடமில்லாமல் மூளை நசுங்கும்.

பொங்கல் சமயத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் பலத்த அடிபட்டவர்களை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பெரியாஸ்பத்திரி. மண்டையில் அடி என்றால் அங்கே முதல் வேலை சி.டி. ஸ்கேன்.

உளுந்து வடையை நிமிர்த்தி வைத்தது போன்ற எந்திரம். ஓட்டைக்குள் தலை போகும். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். உலோகம் இருந்தால் படம் முழுக்கக் கோடு விழும். வருஷக்கணக்காகக் கழற்றாத மூக்குத்தியோடு மல்லுக்கட்டும் நேரம்தான் பல சமயம் ஸ்கேனைவிட நீளம். வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்ற, மறுபக்கம் வந்து சேரும் கதிரை உணரிகள் அளக்கும். ஆயிரக்கணக்கான கோணங்களில் எடுத்த அந்தக் கணக்கைக் கணினி கூட்டி, தலையைத் துண்டு துண்டாக நறுக்கியதுபோல் காட்டும்.

லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளிக்கு இப்படிப் படம் எடுத்தவர்கள் பாட்டுத் தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பெனிக்காரர்கள். நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டு நினைவிருக்கிறதா, அதே குடும்பம்தான். கருவியை உருவாக்கிய பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. கணித அடிப்படை தந்த ஆலன் கார்மக்கும் அதில் பங்காளி.

ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. மூளை சுமார் 20 முதல் 40. உறைந்த புது ரத்தம் 60 முதல் 80. ஆகவே சாம்பல் நிற மூளைக்குள் ரத்தம் வெள்ளையாகத் தெரியும். இரும்புச் சத்துதான் காரணம் என்று நினைப்போம்; இல்லை, ஹீமோகுளோபினில் இருக்கும் புரதம். தயிர் உறைந்து தண்ணீர் பிரிவதைப் போல, கட்டி சுருங்கி நீர் பிரியப் பிரிய வெள்ளை இன்னும் கூடும்.

அதனால்தான் கடுமையான ரத்தசோகை உள்ளவரின் ரத்தக்கசிவு மூளை நிறத்திலேயே ஒளிந்துகொள்ளலாம். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததைத் தாத்தா மறந்து இரண்டு மூன்று வாரம் ஆகிவிட்டாலும் அப்படித்தான், வெள்ளை மங்கிவிடும். படத்தை மட்டும் நம்பும் டாக்டர் இங்கே ஏமாறுவார். நடந்ததை விசாரித்துக் கேட்பவர் தப்பிப்பார்.

பக்கவாதத்தில் கதை வேறு. அடைப்பா, கசிவா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவுக்கு அதைப் போட்டால் ஆளே போய்விடலாம். குழாய் விட்டு அடைப்பை எடுத்த பிறகும் ஒரு சிக்கல் வரும். அப்போது ரத்தக்குழாய் படத்தில் தெரியச் செலுத்திய அயோடின் மருந்து மூளையில் கசிந்தால் அதுவும் வெள்ளைதான். இரண்டு வேறு ஆற்றல் கதிர்களால் படமெடுக்கும் இரட்டை ஆற்றல் சி.டி. இங்கே கைகொடுக்கிறது. ஆற்றல் மாறும்போது அயோடினின் எண் பெரிதாக மாறும், ரத்தத்தினுடையது அவ்வளவு மாறாது.

அடிபட்டவர் வாந்தி எடுத்தால், உளறினால், "தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் இருக்கிறது. போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை அதில் இருந்தால், முதல் படம் சுத்தமாக வந்தாலும் அவரை உடனே வீட்டுக்கு அனுப்பத் தயங்குவார்கள்.