காணாமற்போன நாயை எப்படித் தேடுவது?

தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு, வளர்ப்பு நாய் வீட்டை விட்டு ஓடிவிடுவதுண்டு. விக்கிரவாண்டியில் இது பெரும் ஆபத்து. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து தஞ்சாவூர்ச் சாலை பிரியும் ஊர் அது. இரவிலும் வண்டிகள் ஓய்வதில்லை.

நாய் ஏன் இப்படி மிரளுகிறது? நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கேட்கும்; நாயின் காது ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு எட்டாத மெல்லிய ஒலியும் அதற்கு எட்டும். அப்படியானால் வெடிச் சத்தம் எப்படி இருக்கும்!

ஓடிய நாய்க்குத் திரும்பி வர வழி தெரியுமா? செக் நாட்டு ஆய்வாளர்கள் 27 வேட்டை நாய்களுக்கு இடங்காட்டும் கருவியைப் பொருத்திக் காட்டில் விட்டார்கள். முடிவுகள் 2020-இல் வெளியாயின. பல நாய்கள் வந்த தடத்தை மோந்தபடியே திரும்பின. வேறு சில புது வழியில் வந்தன. இவற்றுள் பல, முதலில் சுமார் 20 மீட்டர் தூரம் வடக்கு–தெற்காக ஓடின. பூமியின் காந்தப்புலம் இவற்றுக்கு உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஆகவே, நாய் படுத்த சாக்கை வாசலில் போட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். பழகிய வாசனை அதற்கு வழிகாட்டலாம். அஞ்சிய நாய் அழைத்தாலும் வராமல் பதுங்கியிருக்கலாம். கட்டிலடி, வைக்கோற்போர், புதர் ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்புவதால் அதன் கண்கள் மின்னும்.

கண்டதும் துரத்தாதீர்கள், சாலைக்கு ஓடிவிடும். உட்கார்ந்து, மெல்லப் பெயர் சொல்லுங்கள். சாலையோரம் தேடப் பெரியவர்களுடன் செல்லுங்கள்.