எத்தனை நாள் இருக்கலாம்? – 9: எட்மண்டனில் உறங்கும் கும்பினிக் கணக்கர்

போன வாரம் 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களுக்கான பிரிட்டிஷ் குலுக்கல் விசாவோடு நிறுத்தினேன். ஊரிலிருக்கும் அம்மா அப்பாவை இலண்டனுக்கு அழைத்து வைத்துக்கொள்ள எந்த விசா என்பதுதான் இந்த வாரம்.

சனிக்கிழமை காலை, இரண்டு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா கைபேசியை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார். திரையில் அவருடைய அம்மாவின் விசா.

"தம்பி, அம்மாக்குப் பத்து வருச விசா கிடைச்சிட்டுது. இனித் திருப்பி அனுப்பத் தேவையில்லைத்தானே?"

அந்த முகத்தில் இருந்த நிம்மதியைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். "பத்து வருஷம் வந்து வந்து போகலாம் அக்கா. ஒரு தடவை வந்தால் ஆறு மாசம்தான்."

எங்கள் வட இலண்டன் எட்மண்டனில் நான் அதிகம் கேட்கும் தவறான நம்பிக்கை இதுதான். விசிட்டர் விசாவை ஆறு மாதத்துக்கும் தருகிறார்கள், இரண்டு, ஐந்து, பத்து ஆண்டுகளுக்கும் தருகிறார்கள். எது வாங்கினாலும் ஒரு வருகைக்கு ஆறு மாதம் என்ற எல்லை மாறாது. நீண்ட விசாவால் மிச்சமாவது மறுபடி மறுபடி விண்ணப்பிக்கும் அலைச்சல் மட்டுமே. இன்னொரு நம்பிக்கையும் உண்டு: வருஷத்துக்கு 180 நாள் என்று. அப்படி ஒரு கணக்கு விதியில் எழுதப்படவில்லை. ஆறு மாதம் இருந்துவிட்டுப் பத்தே நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால், இவர் இங்கேயே வாழ்கிறார் என்று விமான நிலைய அதிகாரி முடிவுகட்டலாம். திருப்பி அனுப்பலாம், விசாவை ரத்தும் செய்யலாம். மருத்துவச் செலவும் இருக்கிறது. விசிட்டராக வந்தவருக்கு அவசரப் பிரிவில் கட்டணம் இல்லை. வார்டில் சேர்த்துவிட்டால் கட்டணம் தொடங்கும். அதுவும் வழக்கமான செலவில் 150 விழுக்காடு. காப்பீடு எடுக்காமல் வயதானவர்களை விமானம் ஏற்றாதீர்கள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப, அம்மா எண்டு சொல்லிக் கூப்பிட ஒரு விசாவும் இல்லையோ தம்பி?"

இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் உங்களை எட்மண்டன் சர்ச் தெருவுக்குக் கூட்டிப்போக வேண்டும். இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாதது அங்கேதான் கிடக்கிறது.

ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் சார்லஸ் லாம் அடக்கமாகியிருக்கிறார். 'எலியா' என்ற பெயரில் கட்டுரை எழுதிய அதே லாம். பக்கத்தில் அவருடைய அக்கா மேரி. 1833இல் இருவரும் குடிவந்த வீடு அதே தெருவில் இன்றும் நிற்கிறது. கட்டுரையாளர் என்றுதான் நாம் அவரைப் படித்தோம். பிழைப்புக்கு அவர் பார்த்த வேலை வேறு. 1792 முதல் 1825 வரை, 33 ஆண்டுகள், லீடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்கர். அவுரியும் துணியுமாக நம் பக்கத்துச் சரக்கெல்லாம் அவர் பேரேட்டில் ஏறியிருக்கின்றன.

அவர் வேலை பார்த்த காலம் முழுவதும், ஒரு ஆங்கிலேயர் இந்தியாவுக்குப் போய்த் தங்குவதென்றால் கும்பினியின் அனுமதி வேண்டும். அதில்லாமல் போனவரைப் பிடித்துக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பக் கும்பினிக்கு அதிகாரம் இருந்தது. பாதிரியார் வில்லியம் கேரி 1793இல் அனுமதியில்லாமல் ஒரு டேனிஷ் கப்பலில்தான் போனார். பின்னால் டேனிஷ்காரர்களின் செராம்பூரில் நிலைகொண்டார். நம் தரங்கம்பாடியை வைத்திருந்த அதே டேனிஷ்காரர்கள். விசா கிடைக்காதவர் வேறு நாட்டு வழியாகச் சுற்றிப்போவது அன்றைக்கே இருந்திருக்கிறது!

1833இல் வந்த சட்டம் இந்தத் தடையை நீக்கியது. 1834 ஏப்ரல் 22இல் அது நடைமுறைக்கு வந்தது. கும்பினியின் பழைய ஆட்சிப்பகுதிகளிலும், ஆர்க்காட்டு நவாப் விட்டுக்கொடுத்த நாட்டிலும் ஆங்கிலேயர்கள் உரிமம் இல்லாமலே தங்கலாம் என்றானது. நவாப் விட்டுக்கொடுத்த நாடு என்றால் நம் தமிழ் மண். வந்து இறங்கியதும் சுங்கத் தலைமை அதிகாரியிடம் மூன்றை எழுதித் தந்தால் போதும்: பெயர், போகும் இடம், வந்த நோக்கம். அந்த ஆண்டு டிசம்பர் 27இல் லாம் எட்மண்டனில் இறந்தார்.

ஹீத்ரோவில் இறங்குகிற நம் அம்மாக்களிடம் கேட்கப்படுவதும் அதே மூன்றுதான். அந்த மூன்றைச் சொன்னதுமே நம் ஊர் ஆங்கிலேயர்களுக்குத் திறந்துகொண்டது. அது நமக்கு ஏன் போதவில்லை என்று கல்லறை முன்னால் நின்று வெகுநேரம் யோசித்தேன்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அண்ணர் 84ல வரேக்க ஆரும் விசா கேக்கேல்லையே" என்றார். உண்மைதான். பிரிட்டனில் 1962இல் வந்த சட்டம் வேலைக்கு வருபவர்களைக் கட்டுப்படுத்தியது. ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக்காரர் விசா இல்லாமல் வந்து இறங்கி, விமான நிலைய மேசையில் அனுமதி கேட்க முடிந்தது. அந்த வழி முதலில் அடைக்கப்பட்டது இலங்கையர்களுக்கு. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு தமிழர்கள் உயிர் தப்பி வரத் தொடங்க, 1985 மே மாதம் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. காமன்வெல்த் நாடுகளில் அதுவே முதல். மறு ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கானா, நைஜீரியா. 1987 பிப்ரவரியில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஹீத்ரோவில் உடைகளைக் களைந்து போராடினார்கள். சில மாதங்களில் இன்னொரு சட்டம்: உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால், தலைக்கு 1,000 பவுண்டு விமான நிறுவனத்துக்கு அபராதம். கட்டுநாயக்கவிலும் மீனம்பாக்கத்திலும் விமான நிறுவன ஊழியர் உங்கள் விசாவை அப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதனால்தான்.

எனக்குத் தந்த இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. அக்கா கேட்ட விசாவைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு. 2012 ஜூலை 9க்கு முன், 65 வயது நிரம்பி, பிள்ளையின் பணத்தில் வாழ்ந்து, ஊரில் வேறு துணையில்லாத பெற்றோருக்கு ஒரு வழி இருந்தது. இப்போது அம்மாவால் தானே சமைக்க, குளிக்க, உடுத்த முடியக்கூடாது. பிள்ளை பணம் அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பு ஊரில் கிடைக்காது என்றும் காட்ட வேண்டும். அதாவது, யாழ்ப்பாணத்தில் ஓர் ஆளை வைத்துப் பார்க்கப் பிள்ளையின் சம்பளம் போதும் என்றால் விண்ணப்பம் நிற்காது. அதே பிள்ளை, ஐந்து ஆண்டு அம்மாவைத் தன் செலவில் வைத்துக்கொள்வேன் என்று எழுதியும் தரவேண்டும். கட்டணம் மூவாயிரம் பவுண்டுக்கு மேல். மறுத்தால் திரும்ப வராது. விசிட்டராக வந்து இங்கிருந்தபடியே இதற்கு மாறவும் முடியாது. பெற்ற தாயை உடன் வைத்துக்கொள்வதை இத்தனை கடினமாக்கிய விதியை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்த மருத்துவர் கடிதம், எந்தச் சான்று, நீதிமன்றங்கள் என்ன சொல்லின என்பதெல்லாம் அடுத்த வாரம்.

அக்காவுக்கு உடனடியாக வேண்டியிருந்தது வேறு. அம்மாவுக்கு ஜூலை முதல் வாரம் டிக்கெட் பார்த்திருந்தார். இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் எண்ணினோம். ஜனவரி முதல் வாரத்தில் முடிந்தது.

"பொங்கலுக்கு ஒரு கிழமை கிடக்கே தம்பி. வாற தைப்பொங்கலுக்கு அம்மாவை இஞ்ச இருக்கிற எங்கட நாகபூஷணி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டன்."

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. பயணத்தை ஜூலை 20க்குத் தள்ளிப் போட்டோம்.